கண்ணாடிக் கதவின் வழியே

இயற்கைக் காட்சியின் நிழற்படத்தை வைத்து ஹைக்கூ எழுதுவதை ஜப்பானியர் 'ஷஷின் ஹைக்கூ' என்பர். 'ஷஷின்' என்றால் நிழற்படம். நாவலாசிரியர் மொரிமுரா செய்இச்சி 2005-இல் இதற்கெனவே நூலொன்று எழுதிப் பலரை இத்துறைக்கு ஈர்த்தார். இது புகைப்படக் கருவி தந்த புதுமை என்றே நாம் எண்ணக்கூடும். ஆனால் இதன் வேர் ஆழமானது.

யோசா பூசோன் (1716–1784) ஓவியராகவும் கவிஞராகவும் விளங்கியவர். ஓவியமும் கவிதையும் ஒரே தாளில் இணையும் 'ஹைகா' என்னும் கலை அவர் கையில் உயர்நிலை எய்திற்று. சிறந்த ஹைகாவில், ஓவியம் காட்டியதையே கவிதை மீண்டும் கூறுவதில்லை.

அவருக்குப் பின் வந்த மஸஓகா ஷிகி (1867–1902), தொடர்பாடலின் முதற்பகுதியாய் இருந்த 'ஹொக்கு'வைத் தனிக் கவிதையாக்கி, 'ஹைக்கூ' என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். ஓவியர் நகமுரா ஃபுசெட்சுவின் நட்பால், இயற்கையை நேரில் கண்டு வரையும் மேலை ஓவியமுறையை அறிந்து, அதைக் கவிதைக்கும் கொணர்ந்தார். 'ஷசெய்' என்பது அதன் பெயர்.

காசநோய் முதுகெலும்பைத் தாக்க, ஷிகி படுக்கையில் வீழ்ந்தார். காகிதக் கதவு ஒளியை விடும், காட்சியை விடாது. 1899 டிசம்பரில் மாணவர் தகஹமா கியோஷி நோயறைக்குக் கண்ணாடிக் கதவு அமைத்துக் கொடுத்தார். சட்டத்துக்குள் அடங்கிய சிறு தோட்டமே ஷிகியின் உலகமாயிற்று. அங்கே, சளிக்கு மருந்தாகும் சாற்றுக்காக வளர்த்த நுரைப்பீர்க்கங்கொடியும் படர்ந்திருந்தது. 1902 செப்டம்பர் 18 அன்று அக்கொடியைப் பற்றியே மூன்று ஹைக்கூ எழுதினார்; மறுநாள் அதிகாலை உயிர் நீத்தார்.

பீர்க்கங்கொடியை எந்தக் கருவியும் படம் பிடித்துவிடும். அதைப் பார்த்துக் கிடந்தவரின் மூச்சுத் திணறலை எந்தக் கருவி பிடிக்கும்? படம் நிற்குமிடத்தில் கவிதை தொடங்குகிறது என்பதை ஷிகியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். பின்னர் தமிழில் ஹைக்கூவை வளர்த்தோருள் கவிக்கோ அப்துல் ரகுமான் முன்னின்றார். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் நாள்தோறும் படமெடுக்கின்றனர். எடுத்ததை மறுமுறை பார்ப்போர் சிலரே. வானிலும் பூமியிலும் உள்ள அத்தாட்சிகளை ஊன்றிச் சிந்திக்குமாறு அழைக்கும் திருமறையை ஓதுபவர் நாம். ஒரு படத்தின்முன் சற்றே அமர்ந்து, அது காட்டாததை ஒரு சிறு கவிதையில் எழுதிப் பார்க்க அவர்களைப் பழக்குவோம். பார்வை சிந்தனையாக மாற அதுவும் ஒரு வழியன்றோ!