எதைக் கைவிடுவது என்று தெரிந்த கணினி

1969 யூலை 20. ஈகிள் கலம் சந்திரனின் தரைக்கு மேலே சுமார் 10 கிலோமீற்றர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நீல் ஆம்ஸ்ட்ரோங், பஸ் ஆல்ட்ரின். திடீரெண்டு கணினி 1202 என்றொரு எச்சரிக்கை எண்ணைக் காட்டுகிறது. அதன் அர்த்தம் ரெண்டு பேருக்குமே தெரியாது. இறங்குவதா, திரும்புவதா? விளக்கம் தரச்சொல்லிப் பூமியிடம் கேட்கிறார்கள்.

அந்தக் கணினியை வடிவமைத்தது எம்.ஐ.ரி ஆய்வுகூடம். எடை சுமார் 32 கிலோ. நினைவகம் முழுக்கச் சேர்த்தாலும் 80 கிலோபைட்டுக்கும் குறைவு. நாங்கள் போனில் எடுக்கிற ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிசு.

அதன் நிரல்களைக் கையால்தான் நெய்தார்கள். மசாசூசெற்ஸில் ரேதியோன் தொழிற்சாலைப் பெண்கள் சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்கு இடையே கம்பி கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள்ளால் போனால் 1, வெளியால் போனால் 0. நெய்து முடிந்தால் பிறகு லேசில் திருத்தேலாது. ஆகவே வானத்தில் வரக்கூடிய சிக்கலைப் பூமியிலேயே யோசித்து வைக்கவேண்டும்.

யோசித்தும் வைத்திருந்தார்கள். ஹால் லானிங் வகுத்த முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சுமை மிஞ்சினால் கணினி தன்னை மீளத் தொடக்கி, முக்கியமான வேலைகளை விட்ட இடத்திலிருந்து தொடரும், மற்றவற்றைக் கைவிடும். மார்கரெட் ஹமில்டன் தலைமையிலான குழு உருவாக்கிய மென்பொருளும் இப்படித்தான் இயங்கியது.

அன்று நடந்ததும் அதுதான். இறங்குவதற்குத் தேவையில்லாத ஒரு ராடர், கணினியின் நேரத்தை வீணாகத் தின்றுகொண்டிருந்தது. 1202 எண்டால் "வேலை கூடிப்போச்சு" என்பதுதான் பொருள். கணினி முடங்கவில்லை, கலத்தை இறக்கும் வேலையை அது விடவேயில்லை.

ஆனால் தரையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது? சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை வர, பயந்துபோய்த் தரையிறக்கத்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத் தேவையே இருக்கவில்லை. அதற்குப் பிறகு 24 வயது ஜாக் கார்மன் எல்லா எச்சரிக்கை எண்களையும் ஆராய்ந்து, எதற்கு என்ன செய்வதெண்டு கையால் ஒரு பட்டியல் எழுதிவைத்தார்.

1202 வந்ததும் கார்மன் பட்டியலைப் பார்த்துத் தொடரலாம் என்றார். 26 வயது ஸ்டீவ் பேல்ஸ் அதை ஏற்று, இறங்கலாம் என்று முடிவு சொன்னார். சில நிமிடங்களில் ஈகிள் தரையைத் தொட்டது.