மாத்திரை வாங்கும் நாளில் கூடிய குழுக்கள்

நம்ம மலரில் குழு ஆரம்பிச்ச கதை, கடன் வாங்கி மாடு வாங்கிய கதை எல்லாம் நிறைய வரும். நான் எழுதுவது பெயர்ப் பலகையே வைக்காத குழுக்களைப் பற்றி. எச்.ஐ.வி. தொற்று உள்ள பிள்ளைகளை வளர்க்கிற அம்மாக்கள், பாட்டிகள், சித்திகள் சேர்ந்து உட்கார்ந்த குழுக்கள் அவை. நம்ம குழுக்கள் வளர்ந்த அதே காலத்தில்தான் அவையும் வளர்ந்தன.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் ரத்த மாதிரி எடுத்துச் சோதிக்க வைத்தார்கள். மூணு வருஷம் கழித்து, 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அப்போது இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் மருந்து இல்லை. இருந்த மருந்தும் ஏழைக்கு எட்டாத விலை. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றோடு பிறக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு வயசு தாண்டுவதில்லை. லாரித் தொழில் அதிகம் உள்ள நாமக்கல் பக்கம் பல வீடுகளில் முதலில் கணவன் போனார், பிறகு மனைவி. பிள்ளை அம்மாயி கையில் வந்து சேர்ந்தது. மருமகள்தான் காரணம் என்று பேசிய ஊர், அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கவும் யோசித்தது.

அந்த நாமக்கல் மாவட்டத்துப் பெண்தான் பி.கௌசல்யா. கல்யாணமான சில வாரத்திலேயே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தும் மறைந்து வாழாமல், 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு சங்கத்தைச் சென்னையில் மற்ற பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். பாதிக்கப்பட்டவர்களே கூடிப் பேசலாம் என்ற தைரியம் பலருக்கு அங்கிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

2004 ஏப்ரல் 1-ல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் முதல் இடங்களில் ஒன்று. குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் 2006 நவம்பர் கடைசியில் வந்தது. அதோடு வளர்க்கிறவர்களின் கவலையே மாறிப்போச்சு. இது எத்தனை நாள் இருக்கும் என்று பயந்தவர்கள், எட்டு மணி மாத்திரையைப் பள்ளிக்கூடம் போற அவசரத்தில் எப்படிக் கொடுப்பது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடிக்கடி வேளை தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம் என்பதால் அது சின்னக் கேள்வி இல்லை.

மாதாமாதம் மாத்திரை வாங்க எல்லோரும் வந்து காத்திருந்த வரிசையைத்தான் சமூகப் பணியாளர்கள் குழுவாக மாற்றினார்கள். தனியாக ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எதுக்குப் போற என்று ஊரில் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு எப்படியும் வந்தாகணும். அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். கசப்பு மாத்திரையை எதில் கலந்து கொடுப்பது, டீச்சரிடம் மாதம் ஒரு நாள் லீவுக்கு என்ன சொல்வது, கணவன் வீட்டில் நிலத்தில் பங்கு தரமாட்டேன் என்றால் எங்கே மனு கொடுப்பது. டாக்டர் சொன்னால் தலையாட்டுகிற பாட்டி, இன்னொரு பாட்டி சொன்னால் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தார்.

அவர்கள் அதிகம் அழுதது வேறொரு கேள்விக்கு. நான் மட்டும் ஏன் தினமும் மாத்திரை சாப்பிடறேன் என்று பிள்ளை கேட்கும். சளிக்கு, சத்துக்கு என்று சில வருஷம் ஓட்டலாம். பத்து வயசில் பிள்ளை மாத்திரை டப்பாவில் இருப்பதைத் தானே படித்துவிடும். ஆறு வயசிலிருந்து பன்னிரண்டுக்குள், வயசுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழி. ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குது, மாத்திரை அதை எழுப்பாமல் வைக்குது என்று ஆரம்பிப்பார்களாம். செத்துப்போன அம்மாவைப் பற்றியும் அதே பேச்சில் சொல்லவேண்டி வரும். ஏற்கெனவே சொல்லி முடித்த ஒருத்தி பக்கத்தில் இருந்தால்தான் அதற்குத் துணிச்சல் வரும்.

நம்ம குழுவுக்கு உயிரே தீர்மான நோட்டுதான். அந்தக் குழுக்களில் யார் என்ன பேசினார் என்பது எந்த நோட்டிலும் ஏறக்கூடாது. இந்த இடத்தில் நாம கொஞ்சம் யோசிக்கணும். அந்த அம்மாக்களில் சிலர் நம்ம குழுக்களிலும் சந்தா கட்டுகிறார்கள். பஸ் செலவுக்கு உள்கடன் கேட்டால், என்ன வியாதி என்று பத்துப் பேர் முன்னால் கேட்கிறோம். மருத்துவச் செலவு என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். கடன் திரும்பி வருதா என்பதுதானே நமக்குக் கணக்கு.

பிறகு உதவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2009-ல் தமிழக அரசு, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தியது. படிப்புக்கு அதிலிருந்து உதவி கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் வந்ததால் தொற்றோடு பிறக்கும் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். மருந்தில்லாமல் 100-க்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றியது, முறையாக மருந்து எடுத்தால் 5-க்குள் வந்துவிடும்.

2017-ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலானது. சம்மதமில்லாமல் ஒருவரின் தொற்றை வெளியே சொல்வதும், பள்ளியில் ஒதுக்குவதும் அதன்படி தடை செய்யப்பட்ட காரியம். அதில் இன்னொரு பிரிவு உண்டு. பெற்றோர் இல்லாத அல்லது படுத்துவிட்ட வீட்டில், 12 வயது தாண்டி, குடும்பத்தைக் கவனிக்கும் பக்குவம் உள்ள அக்காவோ அண்ணனோ, தனக்கு 18 ஆகாவிட்டாலும், தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அது செல்லும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாயிக்கு எழுபது தாண்டிவிட்டது. பேத்திக்கு பதினாலு, பேரனுக்கு ஒன்பது. இந்தப் பிரிவைப் பற்றிச் சொன்னபோது, "அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு கண்ணு" என்று வாங்கி ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.