பற்றுதலும் விடுதலும்: கிளட்சின் வரலாறு

மாடு நின்ற இடத்திலிருந்தே வண்டியை இழுத்துச் செல்லும். நீராவிப் பொறியும் அவ்வாறே, அசையா நிலையிலிருந்தே தன் விசையைச் செலுத்தவல்லது. பெட்ரோலாலும் டீசலாலும் இயங்கும் பொறிக்கோ அந்த வல்லமை இல்லை. அது ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆற்றலைத் தரும். சுழற்சி மிகக் குறைந்தால் அணைந்துவிடும். ஆனால், புறப்படும் வேளையில் வண்டியின் சக்கரம் அசையாமல் நிற்கிறது. சுழல்கின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் எதுவும் முறியாமல் இணைப்பது எப்படி? மோட்டார் வண்டியைப் படைத்தவர்கள் தொடக்கத்திலேயே சந்தித்த இடர்களுள் இதுவும் ஒன்று. அதற்கு அவர்கள் கண்ட விடையே கிளட்ச்.

இந்த விடையின் வரலாறு நமக்குத் தொலைவானதன்று. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமராவதி நகர் இருக்கிறது. 1957இல் எழுந்த அணையாலும் 1962இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியாலும் பெயர் பெற்ற ஊர் அது. அந்த மலையடிவாரத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிவரும் பிக்கப் வண்டி ஒன்றையும், திருப்பூர்த் தெருக்களில் துணிச் சுருள்களைச் சுமந்து திரியும் பிக்கப் வண்டி ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். பின்னல் ஓரிடம், சாயம் மற்றோரிடம், தையல் வேறோரிடம் என்று பிரிந்து நடப்பது திருப்பூர்த் தொழிலின் இயல்பு. ஆகவே திருப்பூர் வண்டி நாள் முழுவதும் நிற்பதும் புறப்படுவதுமாகவே இருக்கும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளட்ச் சிறிது தேய்கிறது. ஒருநாள் பொறி இரைகிறது. வண்டியோ முன்னேற மறுக்கிறது. அன்று அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் நின்றுவிடுகிறது. மாற்றுக் கிளட்ச் எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்னும் கேள்வி அப்போது எழுகிறது. கிளட்ச் கடந்து வந்த வழியை அறிந்தவருக்கு அதன் விடை எளிதாகும்.

கிளட்ச் மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று, தொழிற்சாலையில் பிறந்தது. பழைய பருத்தி அரவை ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் ஒரே பொறி கூரையடியில் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி எந்திரங்களை இயக்கும். ஓர் எந்திரத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால் முழுப் பொறியையும் நிறுத்த இயலுமா? அதற்காக எந்திரத்தின் அச்சில் இரண்டு கப்பிகளை அருகருகே வைத்தார்கள். ஒன்று அச்சோடு இறுகியது. மற்றது அச்சின்மேல் சும்மா சுழல்வது. வாரை ஒரு கோலால் தள்ளிச் சும்மா சுழலும் கப்பிக்கு மாற்றினால் எந்திரம் நிற்கும்; இறுகிய கப்பிக்குத் தள்ளினால் ஓடும்.

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஆலையின் வாரும் கப்பியும் அப்படியே வண்டியில் ஏறின. ஆனால் வார் மழையில் நனைந்தால் வழுக்கும், நாள்பட்டால் நீளும். பொறியின் வலிமை பெருகப் பெருக வேறு வழி வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது கூம்புக் கிளட்ச். பொறியின் கனத்த சக்கரத்தில் ஒரு கிண்ணம் போன்ற குழிவு. அதனுள் நுழையும் ஒரு கூம்பு. கூம்பின்மேல் போர்த்திய தோல். ஆப்பு மரத்தில் இறுகுவதுபோலக் கூம்பு குழிவில் இறுகும். ஆதலின் சிறிய வில்லின் அழுத்தமே போதுமானதாக இருந்தது. குறையும் அதிலேயே இருந்தது. தோல் உலர்ந்தால் சட்டென்று கவ்வி வண்டியைத் துள்ளச் செய்யும். எண்ணெய் மிகுந்தால் வழுக்கும். ஓட்டுநர்கள் தோலைப் பதப்படுத்த விளக்கெண்ணெய் பூசினார்கள்; வழுக்கினால் களிமண்தூள் தூவினார்கள்.

நம் பகுதிக்கு மோட்டார் பரவிய காலம் இதுவே. திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜி. டி. நாயுடு, 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்விரு ஊர்களுக்கும் நடுவே உள்ளதுதான் உடுமலைப்பேட்டை. அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்த யு. எம். எஸ். நிறுவனம் தென்னாட்டுப் பேருந்துத் தொழிலில் தனியிடம் பெற்றது. அக்காலத்தில் வண்டியைப் பேணத் தெரியாதவர் அதனை ஓட்டிப் பிழைக்க முடியாது. ஓட்டுநரே பழுது பார்ப்பவராகவும் இருந்தார்.

கூம்பை அடுத்துத் தட்டுகளின் காலம் வந்தது. இங்கே, மாணவ நண்பர்களே, சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு கிளட்ச் தாங்கும் சுழல்விசையை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: தட்டின் மேல்பூச்சுக்குரிய உராய்வு எண், வில்லின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும். கிளட்சின் வரலாறு முழுவதும் இந்த நான்கில் ஒன்றை மாற்றிப் பார்த்த வரலாறே ஆகும். முகங்களைப் பெருக்கியவர்கள் பல தட்டுக் கிளட்சைச் செய்தார்கள். அழுத்தத்தைச் சீராக்க முனைந்தவர்கள், சுற்றிலும் அமைந்த சுருள்வில்களுக்கு மாற்றாக, 1930களில் அமெரிக்காவில் ஒரே வட்டத் தகட்டு வில்லைக் கொண்டுவந்தார்கள். இன்றைய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது.

உராய்வுப் பொருளை மாற்றியவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட். மலைச்சரிவில் இறங்கும் குதிரைவண்டிக்காரர்கள் பழஞ்செருப்பைச் சக்கரத்தில் அழுத்தி வேகத்தைத் தணிப்பதைக் கண்டு, அவர் 1897இல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பர். முதலில் பருத்தி வார்களையும் மயிர் வார்களையும் பசையில் தோய்த்துப் பயன்படுத்தினார். சூட்டில் பருத்தி கருகியது. ஆகவே 1908இல் ஆஸ்பெஸ்டாஸ் இழையை நெய்து பார்த்தார். அது கருகவில்லை. அவர் நிறுவிய ஃபெரோடோ நிறுவனம் உலகெங்கும் பெயர் பெற்றது. தறியில் நெய்த துணியே தடையாகவும் கிளட்ச் மேல்பூச்சாகவும் ஆயிற்று என்பது நெசவு நாட்டினராகிய நமக்குச் சுவையான செய்தி.

இனி நம் பிக்கப் வண்டிக்கு வருவோம். அதன் பொறி தரும் உச்சச் சுழல்விசை 160 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். உராய்வு எண் 0.3, அழுத்தம் 4,000 நியூட்டன், சராசரி ஆரம் 0.1 மீட்டர், முகங்கள் 2 எனில், கிளட்ச் 240 நியூட்டன் மீட்டரைத் தாங்கும். அதாவது தேவையைப்போல் ஒன்றரை மடங்கு. இந்த மிகுதி தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் ஈடுகொடுப்பதற்காகவே விடப்பட்டது. பொறியின் பின்புறத்து ஆயில் சீல் கசிந்து, உராய்வு எண் 0.15க்கு இறங்கிவிட்டால், தாங்குவிசை 120தான். புத்தம் புதிய தட்டும் வழுக்கும். கசிவை நிறுத்தாமல் தட்டை மட்டும் மாற்றுவது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிலர், “எல்லாவற்றினும் வலிய கிளட்சைப் போடுங்கள்” என்பர். வில்லின் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் தாங்குவிசை இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் மிதிகட்டையின் கனமும் அதற்கேற்பக் கூடும். ரிலீஸ் பேரிங் விரைவில் தேயும். நாளெல்லாம் நூறு முறை மிதிக்கும் ஓட்டுநரின் முழங்காலும் அதன் விலையைக் கொடுக்கும். சட்டென்று கவ்வும் முரட்டுத் தட்டானால், வழுக்கித் தணிக்க வேண்டிய அதிர்ச்சி கியர்பாக்ஸுக்கும் அச்சுக்கும் போய்ச் சேரும். கிளட்ச் தான் தேய்ந்து பிறவற்றைக் காக்கும் உறுப்பு. ஆகவே வண்டியின் தயாரிப்பாளர் குறித்த விட்டம், பல் எண்ணிக்கை, அழுத்தம் ஆகியவற்றுக்கு ஒத்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவது நலம். கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றே அன்றோ?

பொருத்தும் முறையிலும் பொறுமை வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தியபின் கியர்பாக்ஸை இறக்குவர். ஃபிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ வெடிப்போ உண்டா என்று பார்க்க வேண்டும். தேவையானால் கடைசல் எந்திரத்தில் சமப்படுத்துவர். புதிய தட்டைக் கியர்பாக்ஸ் தண்டின் பற்களில் செருகித் தடையின்றி நகர்கிறதா என்று முன்னதாகவே பார்ப்பது அறிவுடைமை. தட்டு எப்பக்கம் நோக்க வேண்டும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பழைய கியர்பாக்ஸ் தண்டையோ அதற்கென்றுள்ள கோலையோ கொண்டு நடுவை ஒத்துவைத்து, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மேல்பூச்சில் கிரீஸ் படலாகாது. கியர்பாக்ஸின் கனம் தட்டின் நடுவில் தொங்கவும் கூடாது. தொங்கினால் தட்டு கோணிவிடும்.

இறுதியாக ஒன்று. பழைய கிளட்சைத் திறந்ததும் கரிய தூள் குவிந்திருக்கும். அதைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் வழக்கம் பணிமனைகளில் நெடுங்காலமாக உண்டு. சூட்டை வென்ற ஆஸ்பெஸ்டாஸ் இழை, மூச்சில் புகுந்தால் நுரையீரலை இறுக்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் விளைவிக்கும் என்பதை மருத்துவம் ஐயமின்றி நிறுவியிருக்கிறது. 1986இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கெனத் தனி உடன்படிக்கை கண்டது. 1995இல் நம் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவர்தம் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று ஆஸ்பெஸ்டாஸ் வழக்கொன்றில் தீர்ப்பளித்து, அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளை 40 ஆண்டுகள் காக்குமாறு பணித்தது. இன்று கண்ணாடி இழை முதலியவற்றால் ஆன, ஆஸ்பெஸ்டாஸ் அற்ற தட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய தூளை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, மூடிய பையில் அகற்ற வேண்டும்.

பருத்தி, தோல், ஆஸ்பெஸ்டாஸ், கண்ணாடி இழை என்று ஒவ்வொரு தலைமுறையும் தேயவேண்டிய பொருளை மாற்றி வந்திருக்கிறது. ஃப்ரூட்டின் காலத்தில் எது கருகாது என்று மட்டும் கேட்டார்கள். தேய்ந்த தூள் யாருடைய மூச்சில் போய்ச் சேரும் என்பதையும் நாம் கேட்க வேண்டும். பணிமனையில் முதலில் அந்தத் தூளின்முன் குனிபவர், பெரும்பாலும் உங்கள் வயதொத்த ஓர் இளைஞர்தாம்.