கழி கடந்த வழி

சங்க இலக்கியத்தின் நெய்தற் பாட்டுகளைப் பயில்வோர், தலைவனது தேர் உப்பங்கழி கடந்து வரும் காட்சியைப் பலகாலும் காண்பர். உருளை சேற்றில் ஆழ்தலும், நண்டு நசுங்காவண்ணம் பாகன் தேரைச் செலுத்துதலும் ஆங்கே பேசப்படும். கழிநிலத்தில், ஓதம் விட்டுக்கொடுத்தாலன்றி வழியில்லை. இவ்வுண்மையைக் கிள்ளான் கரையில் வாழ்ந்த தமிழர் வேறொரு வகையில் அறிந்தனர்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் அங்கு மிக்கிருந்தனர். கிள்ளான் ஆற்றுத்துறை பெருங்கப்பல்களுக்கு ஆழம் போதாமையால், ஆற்றின் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் அமைத்தனர். முன்னாள் ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் பெயரால் அது 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

அந்நிலம் கண்டற்காடு, நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு. அங்கே பாதை போடலாயிற்று, வாழ இயலவில்லை. மலேரியாவால் தொழிலாளர் வீழ்ந்தனர். இரண்டு திங்களுக்குள் துறைமுகத்தை மூடவேண்டியதாயிற்று.

மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டறிந்திருந்தார். கிள்ளானின் அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலாக்க முனைந்தார். காட்டை வெட்டினர், கரை எழுப்பினர், வடிகால் தோண்டினர், ஓத மதகுகள் அமைத்தனர். கடல் இறங்குங்கால் உள்நீர் தள்ளி மதகு திறக்கும். கடல் ஏறுங்கால் அதன் அழுத்தமே மதகை மூடும். நோய் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. வாட்சன் தம் பட்டறிவை 1911இல் நூலாக வெளியிட்டார்.

எனவே, அவ்வழியைக் காத்தது தண்டவாளம் மட்டுமன்று, அதன் அருகே ஓடிய வடிகாலுமாகும். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவரோ கூலிகள். துறைமுகம் ஆட்சியாளர் பெயரைத் தாங்கியது. 1972இல் அதுவும் மாறிக் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. மண் வெட்டியவர் பெயரை எந்த வரைபடமும் ஏற்கவில்லை.

இன்று பிரிக்பீல்ட்சிலிருந்து காரேறித் துறைமுகம் செல்வோர் காலடியில் கழியிருந்ததை எண்ணுவதில்லை. ஆயினும் ஓதம் மறக்கவில்லை. மதகு பழுதுற்றால் தன் நிலத்தைத் தேடி வரும். எஞ்சிய கண்டற்காட்டை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டுக. தேரூர்ந்த தலைவனைக் கற்பிக்கும் வகுப்பில், வழி வகுத்த கூலிக்கும் ஓரிடம் வேண்டும்.