ஒரு சீரியலுக்காக நின்ற துடைப்பங்கள்

இன்னைக்கு ஒரு ஸ்ட்ரைக்கோட கதை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற நமக்கு ஸ்ட்ரைக்னா சம்பளம், போனஸ், வேலை நிரந்தரம், இதுதான் ஞாபகம் வரும். இது ஒரு டிவி சீரியலுக்காக நடந்த ஸ்ட்ரைக். வருஷம் 1988. ஊர், பஞ்சாப்ல இருக்கிற ஜலந்தர். வேலையை நிறுத்தினவங்க தூய்மைப் பணியாளர்கள். அவங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: "ராமாயணம் சீரியலை இப்படி முடிக்காதீங்க."

கேட்டதும் சிரிப்பு வருதா? அன்னைக்குப் பல ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல்ல பின்னணி. ராமானந்த் சாகர் எடுத்த 'ராமாயண்' 1987 ஜனவரி 25-ல தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சது. ஞாயிற்றுக்கிழமை காலையில ஒளிபரப்பாகும். அப்போ நாட்டுல வீட்டுக்கு வீடு டிவி கிடையாது, கேபிளும் கிடையாது. டிவி இருக்கிற வீட்டுலயும் கடை வாசல்லயும் ஊரே கூடும். முதல்ல 52 எபிசோட்னு திட்டமிட்டது, 78 வரைக்கும் போய் 1988 ஜூலை 31-ல முடிஞ்சது.

இதைப் பத்திப் பேப்பர்ல என்ன வந்தது? டிவி பெட்டிக்கு மாலை போட்டாங்க, ஊதுபத்தி ஏத்தினாங்க, தெருவெல்லாம் காலியாச்சு. இதெல்லாம் நடந்ததுதான், பொய் இல்ல. ஆனா எழுதின தொனியைக் கவனிக்கணும். ஆங்கில விமர்சகர்கள் பலருக்கு அந்த சீரியலே மட்டமான ரசனை. அதைப் பார்க்கிற ஜனங்க ஒரு வேடிக்கை. அந்த வரிசையில ஜலந்தர் ஸ்ட்ரைக்கும் சேர்ந்துடுச்சு. "பாருங்க, சீரியல் பைத்தியம் முத்திப் போச்சு" என்கிற மாதிரி.

இப்போ ஸ்ட்ரைக் பண்ணினவங்க பக்கம் போவோம். பஞ்சாப்ல தூய்மைப் பணியில இருந்தவங்கள்ல நிறைய பேர் வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த தலித்துகள். ராமாயணம் எழுதின வால்மீகியைத் தங்களோட குருவாக வணங்குறவங்க. சீரியல் ராமர் பட்டாபிஷேகத்தோட முடியப் போகுதுன்னு தெரிஞ்சதும் அவங்களுக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. அதுக்கு அப்புறம் வர்ற உத்தர காண்டத்துலதானே வால்மீகி ஒரு பாத்திரமாக் கதைக்குள்ள நிக்கிறார்? காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அடைக்கலம் கொடுக்கிறவர் அவர். லவனும் குசனும் பிறக்கிறது அவரோட ஆசிரமத்துல. அவங்களுக்கு ராமாயணத்தைச் சொல்லிக் கொடுக்கிறவரும் அவர்தான். அதை வெட்டிட்டா, கதையை எழுதினவரையே கதையை விட்டு வெளியே நிறுத்தின மாதிரி.

இது நம்ம தமிழுக்கும் தொடர்புள்ள விஷயம். சாகர் தன் சீரியலுக்கு ஆதாரம்னு டைட்டில்ல காட்டின நூல்கள்ல கம்பராமாயணமும் உண்டு. கம்பர் யுத்த காண்டத்தோட, பட்டாபிஷேகத்தோட நிறுத்திட்டார். தமிழ்ல இருக்கிற உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடினதாத்தான் சொல்லப்படுது. துளசிதாசர் ராமாயணத்துலயும் சீதையைக் காட்டுக்கு அனுப்புற கதை இல்ல. ஆக, சீரியலைப் பட்டாபிஷேகத்தோட முடிக்கிறதுக்கும் ஒரு மரபு இருக்கு, தொடரணும்னு கேட்கிறதுக்கும் ஒரு மரபு இருக்கு. ராமாயணம் எங்கே முடியுது என்பது பண்டிதர்கள் பேசுற கேள்வி. ஜலந்தர்ல துடைப்பத்தைக் கீழே வெச்சவங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டாங்க.

ஸ்ட்ரைக் வட இந்தியாவுல வேற நகரங்களுக்கும் பரவுச்சு. தெருவுல குப்பை சேர்ந்தா நோய் வரும் என்கிற பயம். அரசு இறங்கி வந்தது. உத்தர ராமாயணம் தனித் தொடரா எடுக்கப்பட்டது, வால்மீகி திரைக்கு வந்தார்.

இதே காலத்துல அமெரிக்காவுல 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களுக்கும் பத்திரிகையோட ஒரு வழக்கு இருந்தது. 1968-ல அந்தத் தொடரை நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் என்பிசி டிவிக்கு லட்சத்துக்கு மேல கடிதம் போட்டு இன்னொரு சீசன் வாங்கினவங்க அவங்க. ஆனா 1986 டிசம்பர்ல, தொடரோட 20-வது வருஷத்துக்கு நியூஸ்வீக் அட்டைப்படக் கட்டுரை போட்டப்போ, அதுல தெரிஞ்சது பொம்மை சேர்க்கிற, காது ஒட்டிக்கிற கோமாளிகள்தான். 'ட்ரெக்கி' என்கிற பேரே கேலியாகிப் போனதால பல ரசிகர்கள் "எங்களை ட்ரெக்கர்னு சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ஹென்றி ஜென்கின்ஸ்னு ஒரு ஆய்வாளர், அவரும் ரசிகர்தான், அந்தக் கட்டுரையையே எடுத்து வெச்சுப் பதில் எழுதினார். 1992-ல அவர் எழுதின புத்தகம் இன்னைக்கும் ரசிகர்களைப் பத்திப் படிக்கிறவங்களுக்குப் பாடநூல்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்கே ரசிகர்கள் கையில டைப்ரைட்டரும் தபால்தலையும் இருந்தது, பேராசிரியர் வேலையும் இருந்தது. ஜலந்தர்ல ஆங்கிலப் பேப்பருக்கு "ஆசிரியருக்குக் கடிதம்" எழுதுற வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? கையில இருந்தது துடைப்பம். அதைக் கீழே வெச்சாத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்.

2017-ல நம்ம தமிழ் பிக் பாஸ் வந்தப்போ 'ஓவியா ஆர்மி'ன்னு ஒண்ணு கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா? "வேலைவெட்டி இல்லாத பசங்க"ன்னு எத்தனை பேர் சொன்னாங்க! ஒரு வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒருத்தரை ஒதுக்குறதைப் பார்த்து, அது தப்புன்னு லட்சக்கணக்கானவங்களுக்கு ஏன் பட்டதுன்னு கேட்டவங்க குறைவு. ஹாஸ்டல்லயும் ஆபீஸ்லயும் அதை அனுபவிச்சவங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

ரசிகர்களைப் பத்திச் செய்தி எழுதும்போது "எவ்வளவு" என்பதை அளக்கிறது சுலபம்: எத்தனை மாலை, எத்தனை கடிதம், எத்தனை ஓட்டு. "எதுக்கு"ன்னு கேட்கணும்னா, பக்கத்துல போய் உட்கார்ந்து பேசணும். 1988-ல ஜலந்தர் தெருவுல நின்னு ஒருத்தர்கிட்ட அதைக் கேட்டிருந்தா, சீரியல் பைத்தியம் பத்தின துணுக்குக்குப் பதிலா, கோயிலுக்கும் புத்தகத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் தன் குருவைத் திரையில பார்க்க உரிமை கேட்ட செய்தி கிடைச்சிருக்கும்.

அடுத்த தடவை ஏதாவது ரசிகர் கூட்டத்தைக் கலாய்க்கிற மீமை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்தக் கூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட "எதுக்கு?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.