அபாயக் கோட்டை எங்கே போடுவது?

அரியலூர் என்றால் என் வயதுக்காரர்களுக்கு 1956 நவம்பர் 23 நினைவுக்கு வரும். பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரும் மருதையாற்றில் பெருவெள்ளம். பாலம் உடைந்து, விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

ரயில் பாலத் தூண்களில் அபாய மட்டம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை மிகக் கீழே போட்டால் சாதாரண மழைக்கே ரயில் நிற்கும். மிக மேலே போட்டால் ஆபத்து வந்த பிறகுதான் தெரியும். இதே சங்கடம் கம்ப்யூட்டர் வலையிலும் உண்டு என்பதை வேலையில் இருந்த கடைசி வருடங்களில் தெரிந்துகொண்டேன்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். தகவல் எல்லாம் அதன் வழியே சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகும். 1982-இல் வந்த ஏ.ஆர்.பி. என்ற விதிமுறைப்படி, ஒரு கம்ப்யூட்டர் "இந்த முகவரி என்னுடையது" என்றால் மற்றவை அப்படியே நம்பிவிடும். ஏமாற்றுபவனுக்கு இது வசதி. ஆகவே பின்னால் வந்த ஸ்விட்சுகள், தபால் குமாஸ்தா பதிவேட்டைப் பார்ப்பதுபோல ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத பாக்கெட்டைத் தள்ளிவிடுகின்றன. தள்ளியதை எண்ணியும் வைக்கின்றன. எண்ணிக்கை நாம் குறித்த வரம்பைத் தொட்டால் எச்சரிக்கை வரும். பிரெஞ்சில் இந்த வரம்புக்கு 'ஸேய்' என்று பெயர்; வீட்டு வாசற்படிக்கும் அதே சொல்தான்.

1991-இல் வந்த ஆர்மான் என்ற கண்காணிப்பு முறையில் இரண்டு கோடுகள் வைத்தார்கள். மேல் கோட்டைத் தாண்டும்போது ஒருமுறை மணி அடிக்கும். அளவு கீழ்க் கோட்டுக்கு இறங்கி, மறுபடி ஏறினால்தான் அடுத்த மணி. ஓயாமல் அடிக்கும் மணியை யாரும் மதிப்பதில்லை என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

எங்கள் அலுவலகம் ஒன்றில் இது தெரியாமல் போயிற்று. வரம்பை மிகவும் தாழ்வாக வைத்ததால் தினமும் எச்சரிக்கை குவிந்தது. சலித்துப்போய் அதை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் யாரோ வீட்டு ரூட்டர் ஒன்றை ஒரு பிரிவில் செருகிவிட்டார். அது தப்பு முகவரிகளை வாரி வழங்கியது. பெரிய ஸ்விட்ச் அவற்றைத் தள்ளிக் கணக்கும் வைத்தது. ஆனால் அந்தப் பிரிவில் இருந்த சாதாரணச் சின்னப் பெட்டிக்கு அந்த விவரம் இல்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் முடங்கின. ஓய்வூதியப் பட்டியல் நின்றது. வெளியே வயதானவர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். மறுநாள்தான் காரணம் பிடிபட்டது. எண்ணிக்கை முந்தின நாளே ஏறியிருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதன்பின் இரண்டு வாரம் வழக்கமான எண்ணிக்கையைக் குறித்து வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே வரம்பு போட்டார்கள். எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பது என்று பெயர் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

கோடு போடுவது பாதி வேலை. தண்ணீர் அதைத் தொடும்போது பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். சாஸ்திரியை எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் மரியாதையோடு நினைப்பது அதற்காகத்தான்.