பல்கலைக்கழக வாசலும் விண்ணப்பப் பாரமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்று சென்ற பிள்ளைகளின் பெற்றோர் மீண்டும் தமிழ்ப்பள்ளியைத் தேடி வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அடுத்து எங்கே விண்ணப்பம் செய்வது என்பதே அவர்களின் கேள்வி. இடைநிலைப்பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வியை ஏன் நம்மிடம் கேட்கிறார்கள்? தமிழில் கேட்கலாம், தயக்கமின்றிக் கேட்கலாம் என்பதாலேயே. எனவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இந்தப் பல்கலைக்கழக வாசலின் வரலாற்றை ஓரளவு அறிந்திருத்தல் நலம். அந்த வாசல் காலந்தோறும் இடம் மாறி வந்துள்ளது.

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் பள்ளி அமைக்க வழிசெய்தது. ஆனால் அந்தப் பள்ளிகளின் பாதை தொடக்க நிலையோடு முடிந்தது. பால்மரக் காட்டிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நேர்வழி எதுவும் இல்லை. சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், பின்னர் வந்த இராஃபிள்ஸ் கல்லூரியும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியனவாக இருந்தன. அவ்விரண்டும் 1949 அக்டோபரில் இணைந்தே மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அப்பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கொரு வெள்ளி என்று தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. தம் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறுவார்களா என்பதே உறுதியில்லாத மக்கள் அதன் நூலகத்திற்காகப் பணம் கொடுத்தார்கள்! 1961 முதல் தனிநாயக அடிகளார் அத்துறைக்குத் தலைமை தாங்கியதும், 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அதன் தொடர்ச்சியே.

ஆயினும் நம் மாணவரைத் தடுத்து நிறுத்திய கதவு பல்கலைக்கழகத்தில் இல்லை. அதற்கு வெகு முன்னரே இருந்தது. தொடக்கப்பள்ளி முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று நடத்தப்பட்டது. அதில் தேறாதவனின் படிப்பு பன்னிரண்டு வயதிலேயே முடிந்துபோகும். 1964இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அனைவரும் இடைநிலைக் கல்விக்குச் செல்ல முடிந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பு என்ற ஓர் ஆண்டைக் கடந்து முதலாம் படிவத்தில் சேர்ந்தார்கள். என் கணிப்பில், நம் சமுதாயக் கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. இருந்தும் இதைப் பற்றி நம்மவர் அதிகம் எழுதுவதில்லை.

1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் மலாய்மொழி பயிற்றுமொழியானது. அந்த மாற்றம் ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து 1983இல் பல்கலைக்கழகத்தை எட்டியது. மலாய்மொழியில் கிரெடிட் பெறாதவனுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும். மற்றப் பாடங்களில் ஏ வாங்கிக் குவித்துவிட்டு இவ்விரண்டில் சறுக்கியவர்களை நாம் அறிவோம்.

இனி, பலரும் மெல்லிய குரலில் பேசும் பகுதிக்கு வருவோம். 1969 மே கலவரத்திற்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையை ஆராய மஜிட் இஸ்மாயில் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மாணவர் சேர்க்கை நாட்டின் இன அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று 1971இல் வெளியான அதன் அறிக்கை பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் 153ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, உயர்கல்வி இடங்களை ஒதுக்கும் அதிகாரம் சேர்க்கப்பட்டது. கோட்டா முறை இவ்வாறுதான் வேரூன்றியது. பல்கலைக்கழகங்கள் பெருகியபோது, விண்ணப்பங்களை ஓரிடத்தில் திரட்டும் பணியை யு.பி.யு. என்ற பிரிவு ஏற்றது.

இந்தச் சூழலில் நம்மவர் கைகட்டி நிற்கவில்லை. 1979இல் ஈ.டபிள்யூ.ஆர்.எஃப். அமைப்பும், 1982இல் வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் உருவாயின. பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்துவிட்ட மாணவர்களே திரும்பி வந்து, தோட்டப்புறத்திலும் பட்டணத்துப் புறம்போக்குகளிலும் வாழ்ந்த தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பாடத்தோடு பாரம் நிரப்பும் கலையையும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே என் பார்வையில் முக்கியம். எந்தத் துறையை முதல் தேர்வாக எழுதுவது, எதை இரண்டாவதாக வைப்பது என்பதை அப்பா அம்மா சொல்லித் தர முடியாத வீடுகளுக்கு அந்த அண்ணன்மார் அக்காமாரே வழிகாட்டிகளாக இருந்தார்கள். ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 1984இல் தோன்றி, பின்னர் 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியது. 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்தாலும் மறுவருடம் வந்த பி.டி.பி.டி.என். கடனாலும் தனியார் கல்லூரிகள் பெருகின. வழி அகன்றது, கடனும் கூடவே வந்தது.

2002இல் கோட்டா முறைக்குப் பதிலாகத் தகுதி அடிப்படை என்று அறிவிக்கப்பட்டது. கேட்க இனிமையான சொல்தான். ஆனால் ஓராண்டு மெட்ரிகுலேசன் படிப்பையும் ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்வாறு? ஒன்று அந்தக் கல்லூரிகளுக்கே உரிய தேர்வு. மற்றொன்று நாடு முழுவதும் எழுதும் பொதுத்தேர்வு. அதிலும் மெட்ரிகுலேசனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காட்டு இடமே திறக்கப்பட்டது. 2004இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் மிகச் சிறந்த புள்ளிகள் பெற்ற 128 மாணவர்களுக்கு மருத்துவத் துறை மறுக்கப்பட்டபோது நாடே பேசியது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேசன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018இல் மட்டும் அது 2,200 ஆனது. அறிவித்த இடமும் நிரம்பிய இடமும் ஒன்றுதானா என்ற கேள்வி அடிக்கடி எழுந்தது. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் 90க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை.

இதனால் நம் பெற்றோர் சிலர் மெட்ரிகுலேசன் கிடைத்தால் வாழ்வு, இல்லையேல் தாழ்வு என்று எண்ணிவிட்டனர். மேல்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, அதற்குள் ஆறாம் படிவப் பதிவையும் தவறவிட்டவர்கள் உண்டு. இது வருத்தத்திற்குரியது. ஆறாம் படிவத்தில் இனவாரி ஒதுக்கீடு இல்லை, செலவும் குறைவு. 2012 முதல் தேர்வு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டதால், எல்லாப் பாடங்களையும் இறுதியில் மொத்தமாகச் சுமக்க வேண்டியதும் இல்லை. கடினமான பாதைதான். ஆனால் மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கும் நாள்களிலும் பிள்ளை அங்கே அமர்ந்து படிக்கலாமே!

விண்ணப்பிக்கும் முறையும் மாறிவிட்டது. காகிதப் பாரத்திற்குப் பதில் இணையம் வந்தது. தேசிய சேமிப்பு வங்கியில் எண் வாங்கிவந்து இணைய மையத்தில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பல ஆண்டுகளில், எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் முன்பே யு.பி.யு. விண்ணப்பத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. முடிவு வரட்டும், பார்க்கலாம் என்று இருந்த வீடுகள் அவசரத்தில் துறைகளைத் தேர்ந்தன. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்பதையும் பலர் பாரத்தின் முன் அமர்ந்த பிறகே அறிந்தார்கள். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு ஆகியவற்றில் வகித்த பொறுப்புகளின் சான்றிதழ்களைக் கோப்பில் சேர்த்து வைக்காத மாணவன் அப்போது என் செய்வான்?

தமிழ்மொழியும் இக்கணக்கில் நுழைகிறது. எஸ்.பி.எம். பாடங்களைப் பத்துக்குள் அடக்கும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று நம் இயக்கங்கள் குரல் கொடுத்தன. அதன்பின் பன்னிரண்டு பாடங்கள் வரை எழுத இசைவு கிடைத்தது. ஆயினும் மதிப்பெண் குறையும் என்று அஞ்சி நான்காம் படிவத்தில் தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

2024 ஜூன் 30ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் வழங்கப்படும் என்று அறிவித்தார். ஒன்பது பாடங்களோடு நிறுத்திக்கொள்ளும் மாணவன் ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் இந்த வரையறைக்குள் வரமாட்டான். பழைய 10 விழுக்காட்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குக் கைக்கு எட்டும் பத்தாவது பாடம் தமிழ்தான். அதை எடுப்பதா விடுவதா என்பது நான்காம் படிவத்தின் முதல் வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.